நாடகக் கலைச்சொற்களும் அவை பிறந்த அரங்குகளும்

முத்தமிழுள் ஈற்றில் வைத்து எண்ணப்படும் நாடகம், இன்று நம் நாட்டுப் பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' என்னும் பெயரால் ஒரு பாடமாகப் பயிலப்படுகின்றது. இது மகிழ்தற்குரியதே. எனினும் அதனைத் தொடங்கும் மாணவர் பலர் முதற்கண் எதிர்கொள்வது நாடகமன்று, கலைச்சொற் பட்டியலே. ஆங்கிலச் சொல்லும் அதற்கு நேரான தமிழ்ச்சொல்லும் நிரல்பட நிற்கும் அப்பட்டியலை நெட்டுருப் பண்ணுவோர், ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் அரங்கிலே பிறந்தது என்பதை நோக்குவதில்லை. அரங்கை அறியாதார்க்குச் சொல் வெறும் ஓசையே. இதனை மூவகைச் சொற்கள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, ஏட்டுவழி வந்த சொற்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் 8 கோல் நீளமும் 7 கோல் அகலமும் 1 கோல் உயரமும் உடைய அரங்கைக் கூறுகின்றது. ஆங்குக் கூறப்படும் திரைகள் மூன்று. ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்து வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேற்கட்டில் மறைந்திருந்து வருவது கரந்துவரல் எழினி. 'திரை' என்னும் ஒரே சொல்லால் நாம் இன்று குறிப்பனவற்றை, அவை இயங்கும் வகையால் வேறு பிரித்துக் காட்டுகின்றன இப்பெயர்கள்.

கதையமைப்புக்குரிய சந்தி ஐந்தும் இத்தகையனவே. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் இவற்றை உரையாசிரியர் அடியார்க்குநல்லார் உழவுத்தொழிலோடு உவமித்து விளக்குவர். உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கருக்கொண்டு பொதிவது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்துச் சூடடித்துத் தூற்றி உண்டு மகிழ்வது துய்த்தல். வயல்வெளி கண்ட நம் மாணவர்க்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுவதில்லை. ஆயினும் 'உச்சநிலை', 'முடிவு' என்பவற்றை மனனஞ் செய்தோர் பலர் இதனை அறியார்.

இப்பழஞ்செல்வத்தை நம் காலத்துக்கு எடுத்து வழங்கியவர் விபுலாநந்த அடிகள். மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1926இல் வந்த அவர்தம் 'மதங்க சூளாமணி', உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்றாகப் பகுக்கப்பட்டது. தமிழ் நூன்மரபு, சேக்சுபியர் நாடகங்கள், வடமொழித் தசரூபகம் ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்கிய அதன் பெருமை பெரிது. எனினும் அது நூல்களிலிருந்து எழுந்த நூல்; கூத்துக் களரியின் சொற்களைத் தொகுப்பது அதன் நோக்கமன்று.

அக்களரிச் சொற்களே இரண்டாவது வகை. வட்டக்களரி மட்டக்களப்பிற் பெருவழக்கு. யாழ்ப்பாணத்தும் வட்டுக்கோட்டை முதலிய ஊர்களிற் கூத்துமரபு நெடுங்காலம் பேணப்பட்டது. சட்டங்கொடுத்தல், வரவு, தரு, தாளக்கட்டு, சதங்கையணிதல், அரங்கேற்றம் என்பன ஏட்டிற் கற்றவை அல்ல. ஊரார் கூடிப் பழகியவை. இவற்றுள் 'அண்ணாவியார்' என்னும் சொல்லை 'நெறியாளர்' என்பதற்கு நேராக வைப்பது பொருந்தாது. நெறியாளர் பயிற்சி முடிந்தபின் பெரும்பாலும் அவையோர் கண்ணுக்குத் தோன்றார். அண்ணாவியாரோ பாட்டும் ஆட்டமும் பயிற்றி, ஆற்றுகையன்று மத்தளத்தோடு களரியில் நின்று ஆட்டத்தைக் கொண்டு செல்பவர்.

மூன்றாவது, படச்சட்ட மேடையின் சொற்கள். பார்சி நாடக வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழரிடையே பரவிய கொட்டகை நாடகம், 'சீன்' என வழங்கிய எழுதுதிரையையும் பக்கத்தட்டிகளையும் கொணர்ந்தது. அவையோரை நோக்கி நிற்கும் நடிகரின் வலப்பக்கமே மேடை வலம் எனப் பட்டியல் கூறும். நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரியில் இவ்வலமும் இடமும் யாண்டுள? இச்சொற்கள் அவ்விடத்துப் பொருளற்றுப் போகின்றன.

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது, விடியும்வரை நிகழ்வது குறுகியது. சுழன்றாடிய ஆட்டம் ஒருமுகம் நோக்கியது. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையோரத்துக்குப் பெயர்ந்தனர். கற்றோர் அவையிற் கூத்துக்கு மதிப்புப் பெற்றுத் தந்த அரும்பணி அது. ஆயினும் அண்ணாவியார் நடுவினின்று ஓரத்துக்குச் சென்றார் என்பதை உணர்பவன், களரி இன்னதென முன்னரே அறிந்தவன். 'களரி என்பது மேடை' என எழுதிப் புள்ளி பெற்ற மாணவனுக்கு அம்மாற்றம் தோன்றவே மாட்டாது. திறனாய்வுக்குக் கண்ணாகவேண்டிய சொல், அவன் கண்ணை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

பட்டியல் வேண்டா என்பது எம் கருத்தன்று. தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் முதல் வகுப்பில் ஆசிரியர் முற்றத்திலே ஒரு வட்டமும் ஒரு நீள்சதுரமும் கீறி, மாணவரை ஒவ்வொன்றினுள்ளும் நிறுத்தி, 'உன் வலம் எது? அவையோர் யாண்டிருப்பர்?' என வினவுவாராக. அதன்பின் பட்டியலை வழங்குக. அன்றியும், மூத்த அண்ணாவிமார் தம் வாயிற் பயிலும் சொற்கள் அவர்தம்மோடு மறையாவண்ணம், அவற்றை அவர் கூறும் பொருளோடு கேட்டெழுதும் பணியை மேல்வகுப்பு மாணவரிடம் ஒப்படைத்தல் தகும். அவற்றுட் பல இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.