மேலே நின்றவள்

தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் நீர்க்குகையில், 2005 ஜனவரி 8 அன்று, முன்பு அங்கே மூழ்கிய இளைஞனின் உடலை 270 மீட்டர் ஆழத்திலிருந்து மீட்கப்போன டேவ் ஷா இறந்தார். வெளிவிட்ட மூச்சைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் ரீபிரீதர் அவரிடம் இருந்தது. உடலோடு போராடிய உழைப்பில் கரியமில வாயு மிகுந்து நினைவிழந்தார்.

இதைச் சொல்லும் ஆவணப்படம் 'டேவ் நாட் கமிங் பேக்' (2020). நாயகன் யாரென்று தலைப்பே முடிவுசெய்துவிடுகிறது. தியாகமும் ஆண் நட்பும் ஆழத்துக்குரியவை ஆகிவிடுகின்றன.

அன்று மேற்பரப்பில் பொறுப்பாளராக நின்றவர் வெர்னா வான் ஸ்கைக். மூன்று மாதத்துக்குள்தான், அதே குகையில் 221 மீட்டர் இறங்கிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்திருந்தார்.

அவர் அங்கே நின்றதை முல்லைத் தலைவியின் 'இருத்தல்' என்று நாம் வாசித்துவிடக் கூடாது. அது காத்திருப்பு அல்ல, வேலை. யார் எப்போது இறங்குவது என்ற கணக்கு அவர் கையில் இருந்தது. ஷாவின் தோழர் டான் ஷெர்லி, உள்காதில் ஹீலியம் குமிழி புகுந்து தலைசுற்றிய நிலையில், பத்து மணி நேரத்துக்கும் மேலாகப் படிப்படியாக ஏறிப் பிழைத்தார். துணை மூழ்காளர்கள் மாறி மாறி இறங்கி அவருக்கு உதவினார்கள்.

ஷா திரும்பாததை நினைவில் வைக்கும் கதை, ஷெர்லியைத் திரும்பவைத்த உழைப்புக்கும் தலைப்பில் இடம் தரட்டும்.