உரித்த மாடு (ஓவியம்)

உரித்த மாடு என்பது சாயிம் சூட்டின் (1893–1943) 1925-ஐ ஒட்டிப் பாரிஸில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவிய வரிசை. தோலுரித்துத் தொங்கவிடப்பட்ட மாட்டின் உடலே எல்லாவற்றிலும் பொருள். வரிசையின் ஓவியங்கள் மினியாபொலிஸ், கிரனோபிள் உள்ளிட்ட நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன.

பின்னணி

மின்ஸ்க் அருகே ஸ்மிலோவிச்சி என்னும் சிற்றூரில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த சூட்டின் 1913-ல் பாரிஸ் வந்தார். 1922–23-ல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆல்பர்ட் பார்ன்ஸ் அவருடைய ஓவியங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றை வாங்கிய பின்னரே வறுமை நீங்கியது.

சூட்டின் ஒரு மாட்டின் உடலை வாங்கித் தன் ஓவிய அறையில் தொங்கவிட்டார். இறைச்சி காய்ந்து மங்கியபோது அதன்மேல் ரத்தம் ஊற்றினார். நாற்றம் தாளாமல் அண்டைவீட்டார் புகார் செய்ய, சுகாதார அதிகாரிகள் வந்தனர். ஒரு கிறுக்கரின் கதையாகவே இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உண்மையில் இது அவருடைய வேலைமுறை. கண்ணெதிரே பொருள் இல்லாமல் சூட்டின் வரைவதில்லை. அந்தச் சிவப்பை நினைவிலிருந்து எடுக்க அவரால் முடியாது.

மதிப்பீடு

லூவர் அருங்காட்சியகத்திலுள்ள ரெம்பிராண்டின் 1655-ஆம் ஆண்டு ஓவியமே இதற்கு முன்மாதிரி. அதில் மாட்டுக்குப் பின்னால் கதவருகே ஒரு பெண் எட்டிப்பார்க்கிறாள். அது ஒரு வீடு, அங்கே சமையல் நடக்கும் என்பது தெரிகிறது. சூட்டின் அந்தப் பெண்ணை விட்டுவிட்டார். எஞ்சுவது நீலப் பின்னணியில் எரியும் சிவப்பும் கொழுப்பின் மஞ்சளும் மட்டுமே. பிரெஞ்சில் இவ்வகை ஓவியத்துக்கு ‘இறந்த இயற்கை’ என்று பொருள்படும் பெயர் உண்டு. இங்கே இறந்தது கிடக்கவில்லை, முறுக்கிக்கொள்கிறது. வடிவத்தைக் கோடு அடைப்பதில்லை. தூரிகை இழுப்புகளே தசையாகின்றன. இந்திய ஓவியர் எஃப். என். சூசாவைச் சூட்டினுடன் ஒப்பிடுவதுண்டு. ஆனால் சூசாவின் தடித்த கறுப்புக்கோடு பொருளைச் சிறைப்படுத்துகிறது. அந்தக் கோடு சூட்டினிடம் இல்லை.

யூதர்களுக்குப் பின்னர் நேர்ந்த பேரழிவின் முன்னறிவிப்பாக இந்த ஓவியங்களைக் காண்பவர்கள் உண்டு. நாஜிகளின் ஆக்கிரமிப்பில் ஒளிந்து வாழ்ந்து, முற்றிய வயிற்றுப்புண்ணுடன் தாமதமாகப் பாரிஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு 1943-ல் இறந்தவர் என்பதால் அவ்வாறு எண்ணத் தோன்றும். ஆனால் அது 1925-க்குப் பின்னாளின் துயரை ஏற்றிப் பார்ப்பது. இறைச்சிக்கடையில் தொங்கும் ஆட்டைத் தினமும் கடந்துபோகும் தமிழ் வாசகருக்கு இப்பொருளில் அதிர்ச்சி குறைவு. ஆகவே அவர் நேராக நிறத்துக்கு வந்துவிடலாம். நீலத்தின் அருகில் சிவப்பு எந்த இடத்தில் கருமையாகிறது, எங்கே ஈரம் மின்னுகிறது என்று பார்க்கலாம். சூட்டின் ரத்தம் ஊற்றியது அதற்காகத்தான்.