எங்கே இருந்தீர்கள், எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?

1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் வானிலேயே சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெகாலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. அதனாலேயே அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில், உளவியல் பேராசிரியர் உல்ரிக் நைஸர் தம் மாணவர்களிடம் ஒரு தாளை நீட்டினார். செய்தி எப்போது, எங்கே, யார் சொல்லிக் கிடைத்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பவை கேள்விகள். நூற்றுச்சொச்சம் பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருவருடைய தாளில் இருந்தது இது: சமயப் பாட வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசத் தொடங்கினார்கள், விண்கலம் வெடித்தது, அந்த ஆசிரியையின் மாணவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு மேல் விவரம் தெரியவில்லை, வகுப்பு முடிந்து அறைக்குப் போய்த்தான் தொலைக்காட்சியில் பார்த்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அதே மாணவரிடம் அதே கேள்விகள். இம்முறை அவர் விடுதி அறையில், அறைத்தோழியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று செய்தி வருகிறது. அதிர்ந்துபோய் மாடிக்கு ஓடித் தோழியிடம் சொல்கிறார், பெற்றோரை அழைக்கிறார். வகுப்பறை மறைந்தே போய்விட்டது.

இப்படிச் செய்தி கேட்ட கணத்தின் நினைவை ஆராய்வது பழைய வழக்கம். லிங்கன் சுடப்பட்ட செய்தியைக் கேட்ட தருணம் நினைவிருக்கிறதா என்று கோல்கிரோவ் என்ற ஆய்வாளர் கேட்டு எழுதியது 1899-இல். 1977-இல் ராஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் இத்தகைய நினைவுக்கு ‘ஃப்ளாஷ்பல்ப் நினைவு’ என்று பெயரிட்டார்கள். பேரதிர்ச்சி அந்தக் கணத்தைப் புகைப்படம்போல் மூளையில் பதித்துவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. அவர்கள் கேட்ட 80 பேரில் 79 பேருக்கு கென்னடி கொலைச் செய்தி வந்த கணம் நினைவிருந்தது. ஆனால் மார்ட்டின் லூதர் கிங் கொலையைப் பற்றிக் கேட்டபோது, கறுப்பின மக்கள் 40 பேரில் 30 பேருக்கு அப்படியொரு நினைவு இருந்தது. வெள்ளையர் 40 பேரில் 13 பேருக்குத்தான். ஒரே நாடு, ஒரே செய்தி. துக்கம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எண்கள்தாம். பின்னால் வந்தவர்கள் புகைப்படம் சரியா தவறா என்ற சண்டையிலேயே மூழ்கி இதைப் போதுமான அளவு தொடரவில்லை.

அந்தச் சண்டையை நைஸரும் அவருடன் ஆய்ந்த நிக்கோல் ஹார்ஷும் ஏறக்குறைய முடித்துவைத்தார்கள். சாலஞ்சர் பற்றி மறுபடி கேட்கப்பட்ட 44 மாணவர்களில் 11 பேர் ஒரு முக்கிய விவரத்தைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் மூவர். ஆனாலும் தங்கள் நினைவில் அந்த 44 பேருக்கும் இருந்த நம்பிக்கை, ஐந்துக்குச் சராசரியாக நான்குக்கும் மேல். சொந்தக் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு யாருக்கும் திரும்பவில்லை. முதலில் தொலைக்காட்சியில்தான் அறிந்தோம் என்றவர்கள் 21 விழுக்காட்டிலிருந்து 45 ஆகியிருந்தார்கள். திரும்பத் திரும்ப ஒளிபரப்பான அந்தப் புகைக்கோலம் எத்தனையோ பேருடைய வகுப்பறையையும் நடைவழியையும் விழுங்கியிருக்க வேண்டும்.

2001 செப்டம்பர் 12 அன்று, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறுநாள், டியூக் பல்கலைக்கழகத்தில் டாலரிக்கோ, ரூபின் என்ற ஆய்வாளர்கள் 54 மாணவர்களிடம் அந்தச் செய்தியோடு, அண்மையில் நடந்த சாதாரண நிகழ்ச்சி ஒன்றையும் பதிவு செய்தார்கள். மாதங்கள் போகப்போக இரண்டு நினைவும் ஒரே அளவில்தான் தேய்ந்தன. துயர நாளைப் பற்றிய உறுதி மட்டும் தேயவில்லை. வில்லியம் ஹர்ஸ்ட் முதலியோர் இதே தாக்குதலைப் பற்றி ஏழு நகரங்களில் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. மறதி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே நடந்து முடிகிறது. அதற்குப் பிறகு தவறே நிலைத்து, அதே தவறு பத்தாண்டு கழித்தும் சொல்லப்படுகிறது. அன்று என்ன உணர்ந்தோம் என்பது, எங்கே இருந்தோம் என்பதைவிட மோசமாக நினைவில் நிற்கிறது.

இவற்றைப் படித்துவிட்டு ‘சாட்சிகளை நம்ப முடியாது’ என்று சொல்பவர்கள் உண்டு. இதை ஏற்க முடியாது. பேராசிரியர்களுக்கு எளிதில் கிடைத்தவர்கள் மாணவர்கள். ஆகவே பெரும்பாலும் ஆராயப்பட்டது தொலைவிலிருந்து செய்தி கேட்டவர்களின் நினைவு. அடிபட்டவர்களின் நினைவு வேறு. இதைக் காட்டியவரும் நைஸர்தான். 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தில் 63 பேர் இறந்தார்கள். காலடியில் தரை ஆடியதை அனுபவித்த மாணவர்களையும், அட்லாண்டாவில் செய்தியாகக் கேட்ட மாணவர்களையும் அவர் குழு ஒப்பிட்டது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு கலிஃபோர்னியர்களின் நினைவு கிட்டத்தட்டப் பிசகில்லாமல் இருந்தது. எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. தெருவில், விடுதியில், தொலைபேசியில் அதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித் தீர்த்திருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நியூயார்க்கிலும், கோபுரங்களிலிருந்து சராசரியாகச் சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தவர்கள் அந்த நாளை நினைத்தபோதுதான் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியதை ஷாரோட் குழு 2007-இல் காட்டியது. சராசரியாக ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களில் பெரும்பாலோரிடம் அப்படி இல்லை.

அடிபட்டவர்களும் மறக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தின் எரிகா வதைமுகாம் கைதிகள் இரண்டாம் உலகப் போரையொட்டி அளித்த வாக்குமூலங்களை, 1980-களில் அளித்தவற்றோடு வாகனார், குரூனவெக் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தங்களை வதைத்தவர்களின் பெயரைச் சிலர் மறந்திருந்தார்கள். ஆனால் முகாம் எப்படி நடந்தது, அங்கே அன்றாடம் என்ன செய்தார்கள் என்பதில் நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அவர்கள் பெருமளவு ஒத்துப்போனார்கள். ஒரு பெயர் தவறியதைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் தள்ளிவிட எந்த வழக்கறிஞருக்கும் இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.