டிராய்கோவின் பூர்விகம்

வடமாசிடோனியாவில் டிராய்கோ, டிராய்ச்சே, டிராயன் என ஆண்களுக்கும், டிராய்கா, டிராயங்கா எனப் பெண்களுக்கும் பெயரிடுவது பழைய வழக்கம். இவற்றின் வேர் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. கி.பி. 98 முதல் 117 வரை ரோமை ஆண்ட பேரரசன் டிராஜனின் பெயர்தான் இது என்கிறது ஒன்று. நீடித்திருப்பதைக் குறிக்கும் ‘டிராயே’ என்ற ஸ்லாவிய வினையில் பிறந்தது என்கிறது மற்றொன்று.

பேரரசன் கட்சிக்குக் கவர்ச்சி அதிகம். டான்யூபுக்கு வடக்கே டாசியாவை 106இல் வென்று முடித்தவன் டிராஜன். தெற்கு ஸ்லாவியக் கதையில் ஆட்டுக்காதுகளோடு வரும் மன்னன் அவனே என்பாரும் உண்டு. ஆனால் அந்தக் கதை மன்னனின் பெயர் ‘ட்ரோயன்’. ஸ்லாவியர் காதுவழி வாங்கிய பழைய லத்தீன் சொற்களில் அகரம் ஒகரமாகத் திரிவதுண்டு. வினிகருக்கான லத்தீன் ‘அகேத்தும்’ மாசிடோனியச் சமையலறையில் ‘ஒட்செட்’ ஆனது அப்படித்தான். ஆட்பெயரிலோ அகரம் அப்படியே இருக்கிறது. நாட்டார் நினைவின் வழியாக இது வந்திருக்கும் என்று நம்புவது கடினம். ருமேனியாவின் ‘டிரயான்’ வேறு கதை: ரோம வழித்தோன்றல் என்ற பெருமையில் 19ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் தூசு தட்டி எடுத்த பெயர் அது. ‘அன்’ விகுதியும் லத்தீனுக்குச் சாட்சியாகாது. மிலன், டிராகன், ஸ்டோயன் எல்லாம் சுத்த ஸ்லாவியம்.

ஸ்லாவிய வேருக்கு இதைவிட வலுவான சான்று, இந்தப் பெயரின் சுற்றம். ஸ்டோயனில் ‘நில்’ என்ற வினை இருக்கிறது, ஷிவ்கோவில் ‘வாழ்’. நைடென் என்றால் கண்டெடுத்தவன். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த சிசுவை வழியில் கிடத்திவிடுவார்கள்; முதலில் வந்து எடுப்பவரே ஞானத்தகப்பன். பக்கத்துச் செர்பியாவில் 1787இல் பிறந்த வூக் கரஜிச்சுக்கு ‘ஓநாய்’ எனப் பெயரிட்டதும் இதே அச்சத்தில்தான். பிள்ளை தின்னும் சூனியக்காரிகள் ஓநாயை நெருங்க மாட்டார்களாம். இந்தக் கூட்டத்தில் டிராய்கோ அந்நியனாகத் தெரியவில்லை. என் தீர்ப்பு ஸ்லாவிய வேருக்கே.

ஆனால் வென்ற கட்சியும் ஓரிடத்தில் எல்லை மீறுகிறது. டிராய்கோ எவரைக் கண்டாலும், அண்ணன் அக்காளை மண்ணுக்குக் கொடுத்தபின் பிறந்தவர் என்று உருகுகிறார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊரில் அது செல்லாது. முதல் டிராய்கோவுக்கு வேண்டுதல், மூன்றாவது டிராய்கோவுக்கு வெறும் குடும்ப மரியாதை. 1999இல் மாசிடோனிய அதிபரான போரிஸ் டிராய்கோவ்ஸ்கி, 2004 பிப்ரவரியில் மோஸ்டாருக்கு அருகே விமான விபத்தில் 47 வயதில் இறந்தார். அந்தச் சாவையும் குடும்பப்பெயரின் பொருளையும் முடிச்சுப்போடத் தோன்றும், வீண் வேலை. ‘டிராய்கோவ்ஸ்கி’ என்பதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: எந்தத் தலைமுறையிலோ ஒரு டிராய்கோ பிள்ளைகுட்டி காணும்வரை இருந்திருக்கிறான்.