வெந்நீர் ஆவிக்கு ஒரு வழி

அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் ஜன்னல் என்று இருப்பது பெரும்பாலும் கூரையோரத்து வென்டிலேட்டர்தான். அதன் கண்ணாடிப் பட்டைகளில் இரண்டு மூன்றைக் கழற்றி, அந்த இடத்தில் வட்டம் வெட்டிய பலகையை வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்துவார் எலெக்ட்ரீஷியன். சின்னக் குளியலறைக்கு 6 அங்குலம், அதாவது 150 மி.மீ., தாராளம்.

எனக்குப் பிடித்தது பின்பக்கத்து ஷட்டர். ஃபேன் நிற்கும்போது அந்த பிளாஸ்டிக் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். சாரல் எளிதில் நுழையாது. சுவிட்சைப் போட்டதும் காற்றே அவற்றைத் தள்ளித் திறக்கும். ஸ்பிரிங் இல்லை, தனி மோட்டார் இல்லை. திரும்ப மூடுவது அவற்றின் சொந்த எடை. இவ்வளவு சிக்கனமான வேலைப்பாட்டை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை! தூசியும் ஈரமும் சேர்ந்து பிசுக்கேறி, மடல் பாதியில் நின்று படபடக்கும்போதுதான் கண்ணில் படும்.

கதவை இடுக்கே இல்லாமல் அடைத்துவிட்டு, 'ஃபேன் இழுக்கவில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டாமா? கதவடியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். பழையதை மாற்றுகிறவர்கள் கடைக்குப் போகுமுன் சுவர்த் துளையை அளந்துகொள்ளுங்கள். 6 அங்குலம் என்பது இறக்கை சுழலும் அளவு, துளையின் அளவல்ல.