நாமும் நாங்களும்: ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’ பாடலின் பல்லவி

1995ஆம் ஆண்டில் அமெரிக்கப் பில்போர்டு தரவரிசையில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்று, அவ்வாண்டின் முழுமைப் பட்டியலிலும் தலைமை இடம் பெற்றது, கூலியோவின் ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’ என்னும் ஹிப்-ஹாப் பாடல். பிரித்தானியாவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றன. இவ்வெற்றிக்கு, அது இடம்பெற்ற ‘டேஞ்சரஸ் மைண்ட்ஸ்’ திரைப்படத்தையும், மெட்டுக்கு மூலமான ஸ்டீவி வொண்டரின் ‘பாஸ்டைம் பாரடைஸ்’ (1976) பாடலையும் காரணமாகக் கூறுவர். இவை பொருந்துவனவே. எனினும், பல்லவியைப் பாடிய விருந்துப் பாடகர் எல்.வி.யின் பங்கு தனித்து நோக்கத்தக்கது.

கூலியோவின் சரணங்கள் பெரும்பாலும் தன்மை ஒருமையில் அமைந்தவை. வன்முறை சூழ்ந்த தெருவில் வளர்ந்து, அடுத்த ஆண்டு உயிரோடிருப்போமா என ஐயுறும் இளைஞன் ஒருவனின் கூற்று அது. மூன்றாம் சரணத்தில் அவன், தன்னைத் திருத்த முனைவோரைப் படர்க்கையில் நிறுத்தி, அவர்களால் தன்னை அறிய இயலாது எனக் கதவடைக்கிறான். பல்லவியின் போக்கு வேறு. அதன் முதற்பகுதி, மூலப்பாடலின் பல்லவியைப் போலவே, படர்க்கைப் பன்மையில் ‘அவர்கள்’ வாழ்வைப் பேசுகிறது. பிற்பகுதி தன்மைப் பன்மைக்கு மாறுகிறது. இந்த மாற்றமே பாடலின் உயிர்நிலை என்பது என் கருத்து.

ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைக்கு, கேட்போரை உளப்படுத்துவது, விலக்குவது என்னும் வேறுபாடு இல்லை. தமிழில் பெயர்ப்பவர் ‘நம்’ என்பதா ‘எங்கள்’ என்பதா என்று முடிவுசெய்தே ஆகவேண்டும். சரணங்களின் வழி நோக்கின் ‘எங்கள்’ என்பதே பொருந்தும். ஆனால் அத்தெருவைக் கண்டறியாத பல்லாயிரவர் அப்பல்லவியை உடன்பாடியபோது அது ‘நம்’ என்றே ஒலித்திருக்கும். தரவரிசை வெற்றி இவ்விருபொருண்மையால் விளைந்தது எனக் கருத இடமுண்டு. அந்த இளைஞனின் தனித்துயர் இதனால் பொதுச்சொத்தாகி நீர்த்தது எனின், அக்குற்றச்சாட்டையும் முற்றாக மறுத்தல் அரிது.

1996இல் இப்பாடலுக்குக் கிராமி விருது வழங்கப்பட்டது ‘தனி ராப் நிகழ்த்துகை’ என்னும் பிரிவில், கூலியோவுக்கு. பிரிவின் பெயருக்கும் பாடலின் அமைப்புக்கும் உள்ள முரண் வெளிப்படை. பல்லவியை ஒட்டி எல்.வி. பாடும் வினா அடி முன்னிலையையும் தன்மையையும் ஒருசேர இணைத்து, நம் குருட்டுத்தன்மையால் காயப்படுவோர் இருவருமே என்கிறது. அங்கு ‘நாம்’ என்பதில் ஐயமில்லை. கூலியோ அடைத்த கதவை விருந்தினர் குரல் திறக்கிறது. பாடல் அவ்வினாவோடே நின்றுவிடுகிறது.