மோதிரமும் பாட்டும்

காளிதாசனின் சாகுந்தலத்தைப் பற்றிப் பேசுவோர் மோதிரத்தைப் பேசாமல் இருப்பதில்லை. அடையாளப் பொருளால் அறியப்பெற்ற சகுந்தலை என்பதே 'அபிஞான சாகுந்தலம்' என்னும் பெயரின் கருத்து. ஆயினும், மறந்ததைத் தட்டி எழுப்பும் பொருள் அந்நாடகத்தில் மோதிரம் ஒன்று மட்டுமன்று. அதற்கு முன்பே ஒரு பாட்டு வருகிறது. மோதிரத்தினும் அப்பாட்டே ஆழமான படைப்பு என்பது நம் கருத்து.

வியாசபாரதத்தில் மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை. அங்கே துஷ்யந்தன் எதையும் மறக்கவில்லை. அறிந்திருந்தே அவையோர் முன் மறுக்கிறான். காளிதாசன் துர்வாசரின் சாபத்தைப் புகுத்தி மன்னனின் பழியைத் தணிக்கிறான். அடையாளப் பொருளைக் கண்டதும் சாபம் நீங்கும் என்ற விதியால் மோதிரம் கதைக்கு இன்றியமையாததாகிறது. அது மன்னன் பெயர் பொறித்தது, நினைவுக்குறியாகவே அளிக்கப்பட்டது. கோப்புகளில் முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று எழுதிப் பழகிய நம்மனோர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும்.

பாட்டு அத்தகையதன்று. ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில், அரண்மனையின் உள்ளிருந்து அம்சபதிகை பாடுகிறாள். மாம்பூவை நாடிய வண்டு, தாமரையை அடைந்தபின் அதனை மறந்தது குறித்த பாட்டு அது. அவளும் மன்னனால் ஒருகால் விரும்பப்பட்டுப் பின் மறக்கப்பட்டவளே. இது தன்மீது சொல்லும் குறை என்று உணர்ந்த மன்னன், அவளைத் தேற்றும்படி விதூஷகனை அனுப்புகிறான். ஆயினும் அவன் கலக்கம் அடங்கவில்லை. பிரிந்தார் எவரும் இல்லாதபோது நெஞ்சம் ஏன் வருந்துகிறது என்று வினவிக்கொள்கிறான். முற்பிறவி அன்பின் சுவடு தன்னை அறியாமலே நினைவில் எழுகிறது போலும் என்று விடையும் கண்டுகொள்கிறான்.

இச்செய்யுளைக் காஷ்மீரத்து அபிநவகுப்தர் தம் நாட்டிய சாத்திர உரையில், சுவையின் இயல்பை விளக்குமிடத்து எடுத்தாண்டார். நாம் இங்கு நோக்குவது அதன் நாடக நயத்தை. மன்னன் முற்பிறவிக்குத் தள்ளிவிட்ட அன்பு இப்பிறவியினது. அதற்குரியவள் அப்பொழுதே முனிவர்களுடன் அரண்மனை வாயிலை அடைந்துவிட்டாள். நினைவு அவனிடம் வந்தது; அதற்குரிய பெயர் மட்டும் வரவில்லை.

அவையில் மோதிரத்தைக் காணாத சகுந்தலை, பழைய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துரைக்கிறாள். தாமரை இலையில் மன்னன் நீட்டிய நீரைப் பருகாத மான்கன்று, அவள் கையிலிருந்து பருகியது. அதுகண்டு அவன் நகைத்தான். மன்னனோ இதனைப் பெண்களின் வஞ்சகப் பேச்சென்று இகழ்கிறான். பாட்டு எழுப்பிய கலக்கத்தைக்கூட இச்சான்று எழுப்பவில்லை.

இவ்விடத்துப் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்து நினைவுக்கு வருகிறார். 1913-இல் வெளிவந்த அவருடைய பெருநாவலின் முதற்பகுதியில், தேநீரில் நனைத்த சிறு கேக்கின் சுவை கதைசொல்லிக்குக் காரணம் தெரியாத மகிழ்ச்சியைத் தருகிறது. அவன் அதனை அவ்வளவில் விடவில்லை. மீண்டும் பருகுகிறான்; பயனில்லை எனக் கண்டு தன் உள்ளத்துள்ளேயே தேடுகிறான். முடிவில், சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை அளித்த கேக்கும், அவ்வூரும் முழுமையாக எழுகின்றன. துஷ்யந்தனுக்கு வருத்தம், இவனுக்கு மகிழ்ச்சி. இருவருக்கும் வந்த அழைப்பு ஒன்றே. ஒருவன் தேடினான்; மற்றவன் பொதுத் தத்துவம் ஒன்றைச் சொல்லி அமைந்தான்.

பின்னர் மீனவன் ஒருவன் மீனின் வயிற்றில் மோதிரத்தைக் காண்கிறான். காவலர்க்கு அது திருட்டுப்பொருள்; மீனவனுக்குப் பரிசு தந்த பொருள்; மன்னனுக்கு மட்டுமே கண்ணீர். நினைவு முழுதாகத் திரும்பியது. ஆனால் சகுந்தலை அங்கில்லை.

மறந்தமைக்குச் சாபம் பொறுப்பேற்கலாம். பாட்டைக் கேட்டுக் கலங்கிய பின்னும் காரணத்தைத் தேடாமைக்கு மன்னனே பொறுப்பு. காளிதாசன் சாபத்தால் தணித்த பழியைப் பாட்டால் மீண்டும் நிறுத்தியிருக்கிறான். ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழும் நம்மனோர், எங்கோ கேட்ட ஒரு குரலால் காரணமின்றி மனம் கலங்கும் பொழுது, ஐந்தாம் அங்கத்தை எடுத்துப் படிப்பது நன்று. அக்கலக்கத்துக்கு உரியவர் இன்னும் வாயிலில் நின்றுகொண்டிருக்கலாம்.